'ஹேவ்' எண்ட வினையை பஞ்சாபிக்காரருக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

வாணி_வெள்ளவத்தை:

வணக்கம் எல்லாருக்கும். நான் வீட்டில இருந்து ஒன்லைனில ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு எடுக்கிறன், பெரும்பாலும் எங்கட பிள்ளையள்தான், வெளிநாடு போறதுக்கு ஐஎல்ட்ஸ் எண்ட இங்கிலிஷ் சோதனை எழுதப்போறவை. இந்தமுறை ரெண்டு பஞ்சாபிக்காரர் வந்து சேர்ந்திருக்கினம். ஒருத்தன் லூதியானா, கனடாவுக்குப் போக நிக்கிறான், மற்றது லாகூர்ப் பிள்ளை, நேர்ஸ் வேலை. ரெண்டுபேரும் கெட்டிக்காரர், கிரமர் புத்தகம் எல்லாம் கரைச்சுக் குடிச்சிருக்கினம், ஆனா வாயைத் திறந்து கதைக்கச் சொன்னால் 'ஹேவ்' வாற இடத்தில மட்டும் எல்லாம் குழம்புது.

'மை டூ பிரதர்ஸ் ஆர்' எண்டுறான். 'டு மீ ஃபீவர் இஸ்' எண்டு ஒருக்கா வந்துது. 'ஹி ஹேவ் டூ சில்ரன்' எண்டு ரெண்டு பேருமே சொல்லுறது, ஆனா 'ஹி ஹேஸ் எ கார்' மட்டும் சரியாச் சொல்லுவினம், அது ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. பிறகு 'ஐ ஆம் ஹேவிங் எ கார்', அது எங்கட ஒஃபிஸ்களிலயும் கேக்கிறதுதானே. ஃபோனில இருக்கிற டிக்ஷனரியில ஹேவ் எண்டு அடிச்சால் 'ரக்ணா' எண்டு ஒண்டு வருதாம், அதை வச்சுப் பார்த்தால் எல்லா வசனமும் பிழைக்குதாம்.

எனக்கு பஞ்சாபி தெரியாது, படம் பார்த்த ஹிந்தியும் கொழும்புச் சிங்களமும்தான். ஐஎல்ட்ஸ் ஸ்பீக்கிங்கில முதல் பகுதியே வீடு குடும்பம் வேலை எண்டுதான் கேப்பினம், வாய் திறந்த உடனேயே ஹேவ் வேணும், அதால இதை முதல்ல சரிப்படுத்தோணும். பஞ்சாபி தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச ஆராவது இருக்கிறீங்களோ?

—

ஆமர்வீதி சேகர்:

அக்கா நான் டுபாய்ல பஞ்சாபி பசங்களோட ஒரே ரூம்ல கிடந்தவன், அதனால கொஞ்சம் சொல்றேன், பொஸ்தகத்துல படிச்சது இல்ல, கேட்டுக் கேட்டு வந்தது.

மொதல்ல ஒண்ணு. பஞ்சாபில ஹேவ்னு ஒரு வினையே கிடையாது. தமிழ்லயும் கிடையாதுதானே. நம்ம 'இருக்கு'ன்னு சொல்லித்தான் சமாளிக்கிறோம், அவங்க 'ஹை'ன்னு சொல்லி சமாளிக்கிறாங்க. ஆனா யார்கிட்ட இருக்குன்னு சொல்ற எடத்துல அவங்க மூணு விதமா பிரிப்பாங்க.

கையில உள்ள பொருள், காசு, டைம் எல்லாத்துக்கும் 'கோல்' போடுவாங்க. 'மேரே கோல் கார் ஹை', 'மேரே கோல் டைம் ஹை'. கோல்னா நம்ம கிட்ட. என்கிட்ட கார் இருக்கு, அவ்வளவுதான், அப்படியே நம்ம பாஷை.

சொந்தபந்தம்னா கோல் வராது. 'மேரே தோ ப்ரா ஹன்', அதாவது என்னோட ரெண்டு சகோதரர் இருக்காங்க. இதுலதான் ஒங்க பையன் 'மை டூ பிரதர்ஸ் ஆர்'னு சொல்றான், அவன் மனசுல உள்ளதை அப்படியே சொல்லுக்குச் சொல் வச்சிட்டான். இங்க கோல் போட்டு 'மேரே கோல் தோ ப்ரா ஹன்'னு சொன்னா ரெண்டு தம்பியும் இப்ப பக்கத்துல நிக்கிற மாதிரி ஆயிடும்.

காய்ச்சல், தடிமன் மாதிரி மேல வந்து ஒட்டுறதுக்கெல்லாம் 'மைனூ'. மைனூன்னா எனக்கு. 'மைனூ புகார் ஹை'. மொதல் வாரம் நான் பயந்துட்டேன், யார் மேலயோ கம்ப்ளெயின் குடுக்கப் போறானோன்னு. புகார்னா காய்ச்சல்.

இந்த மூணுமே இங்கிலிஷ்ல போனா ஒரே 'ஐ ஹேவ்'தான். அதனால ஹேவ்க்கு பஞ்சாபில அர்த்தம் சொல்லாதீங்க, மூணு வசனத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் குடுங்க, கோல் இருந்தாலும் சரி மேரே இருந்தாலும் சரி மைனூ இருந்தாலும் சரி, அந்த ஆள தூக்கி முன்னாடி வச்சு ஐ ஆக்கிட்டு ஹேவ் போடச் சொல்லுங்க, பாதி குழப்பம் அங்கயே போயிடும்.

—

மருதானை_மச்சான்:

சேகர் சொன்ன கோல் கதை சிங்களத்திலயும் அப்பிடியே இருக்கே. 'மகே ளங்க சல்லி தியெனவா', ளங்க எண்டா கிட்ட. காய்ச்சல் எண்டா 'மட்ட உண'. ஆனா தம்பி எண்டா 'மட்ட மல்லிலா தென்னெக் இன்னவா', அதாவது எனக்கு எண்டுதான் வருது, பஞ்சாபி மாதிரி என்ர எண்டு வரேல்லை. வாணி அக்கா நீங்கள் சிங்களத்தில யோசிச்சே மூண்டில ரெண்டைப் பிடிச்சிடலாம்.

—

இலக்கணப்பூனை:

சேகர் நல்லாச் சொல்லியிருக்கிறார், ஆனா வாணி கேட்ட 'ஹி ஹேவ் டூ சில்ரன்' விசயத்தை அவர் தொடேல்லை, எனக்கு அதுதான் சுவாரசியமானது.

பஞ்சாபியில வினை ஆரைப் பார்த்து மாறுது எண்டு பாருங்கோ. 'மேரே கோல் கார் ஹை', 'மேரே கோல் தோ காராங் ஹன்'. கார் ஒண்டு எண்டால் ஹை, ரெண்டு எண்டால் ஹன். வச்சிருக்கிற ஆள் ஒருத்தனா ஆயிரம் பேரா எண்டதை வினை கண்டுக்கிறதே இல்லை, பொருளைத்தான் பார்க்குது. எங்களுக்கும் அப்பிடித்தான், அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், அவருக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கினம். ஆள் மாறேல்லை, வினை மாறுது. இங்கிலிஷில தலைகீழ், சொந்தக்காரன் ஒருத்தனா எண்டதைத்தான் பார்க்கோணும், பொருள் நூறு இருந்தாலும் ஹேஸ்தான். அதுதான் கார் ஒண்டு வந்தால் தற்செயலாச் சரியா வருது, பிள்ளையள் ரெண்டு வந்த உடனே ஹேஸ் கைவிட்டுப் போகுது. சில்ரன் பன்மை எண்டதால அவை ஹேவ் போடினம். நீங்கள் 'தேர்ட் பேர்சன் சிங்குலர்' எண்டு எத்தனைதரம் சொன்னாலும் இந்தக் காரணத்தைக் காட்டாட்டி ஏறாது. 'ஹி ஹேஸ் டென் கார்ஸ்', 'தே ஹேவ் வன் கார்' எண்டு வேணுமெண்டே குறுக்குமறுக்கா வசனம் குடுத்துப் பழக்குங்கோ.

இன்னொண்டு. ஹேவ் சொந்தத்துக்கு மட்டுமில்லையே, 'ஐ ஹேவ் ஈட்டன்' எண்டதிலயும் வருது. அங்கயும் பஞ்சாபியில ஹைதான் நிக்குது. 'மைங் ரோட்டி காதி ஹை', நான் ரொட்டி சாப்பிட்டிருக்கிறன். தமிழிலயும் பாருங்கோ, சாப்பிட்டு 'இருக்கிறன்'. கார் 'இருக்கு'. ரெண்டு பாஷையும் இரு எண்ட வினையாலதான் ரெண்டு வேலையும் செய்யுது, இங்கிலிஷ் ரெண்டுக்கும் ஹேவைப் போடுது. இதை அவைக்குக் காட்டினால் ஒரு பிடி கிடைக்கும்.

ஆனா கவனம், ஹை வாற இடமெல்லாம் ஹேவ் எண்டு விளங்கிக்கொண்டால் அடுத்த வில்லங்கம். 'மைங் தியார் ஹாங்' எண்டால் 'ஐ ஆம் ரெடி'தான்.

இதில இன்னொரு வேடிக்கையும் இருக்கு. மேல உள்ள 'காதி' எண்டது பெண்பால், ஏனெண்டால் ரோட்டி பெண்பால். சாப்பிட்டது ஆம்பிளையா பொம்பிளையா எண்டு கணக்கில்லை. மாம்பழம் சாப்பிட்டால் 'மைங் அம்ப் காதா ஹை', அம்ப் ஆண்பால். பழம் மாற வினை மாறுது. அப்ப அவைக்கு இங்கிலிஷ் பெர்ஃபெக்ட் உண்மையில லேசு, ஈட்டன் எண்டது எதுக்கும் மாறாது, அதைச் சொன்னால் சந்தோசப்படுவினம்.

—

வாணி_வெள்ளவத்தை:

அட இந்தக் கார், பிள்ளையள் விசயம் எனக்குப் பொறி தட்டினமாதிரி இருக்கு, கொப்பியைத் திறந்து பார்த்தன், பிழைச்ச இடமெல்லாம் பன்மைதான். நன்றி பூனை.

அப்ப அந்த ரக்ணா? டிக்ஷனரி சும்மா பொய் சொல்லாதே. மற்றது ஹேவிங்? 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' பஞ்சாபியில இருந்து வாறதெண்டு போன கிழமை ஒரு ரீச்சர் எனக்குச் சொன்னவ.

—

ஆமர்வீதி சேகர்:

ரக்ணான்னா வைக்கிறது. அது பொய் இல்லக்கா. 'மைங் கார் ரக்கி ஹோயி ஹை'ன்னு அவங்களும் சொல்லுவாங்க, நம்ம கார் வச்சிருக்கேன்னு சொல்ற மாதிரியேதான், வார்த்தைக்கு வார்த்தை. காருக்கு சரி, நாய் வளக்கிறதுக்கு சரி. ஆனா காய்ச்சல் வச்சிருக்கேன்னு யாராவது சொல்லுவாங்களா? ரெண்டு தங்கச்சி வச்சிருக்கேன்னு சொன்னா பல்லு போயிடும். அதனால அந்த வார்த்தைய டிக்ஷனரிலயே விட்டுடுங்க.

அப்புறம் மைனூ வந்தா எல்லாமே ஹேவ் இல்லன்னு நான் மேல சொல்ல மறந்துட்டேன். 'மைனூ புக் லக்கி ஹை'ன்னா பசிக்குது, ஐ ஆம் ஹங்ரி. 'மைனூ பதா ஹை'ன்னா எனக்கு தெரியும், ஐ நோ. 'மைனூ பஞ்சாபி ஆவுந்தி ஹை'ன்னா எனக்கு பஞ்சாபி வரும், நம்ம சொல்ற அதே வரும்தான். இதெல்லாத்துக்கும் ஐ ஹேவ் போட்டா 'ஐ ஹேவ் ஹங்ரி'ன்னு ஆயிடும். தலைவலிக்கு வேற, 'மேரா சிர் துக்தா ஹை', என் தலை வலிக்குது, அதான் 'மை ஹெட் இஸ் பெயினிங்'ன்னு சொல்லுவாங்க, நாமளும் சொல்றோம். அங்க 'ஐ ஹேவ் எ ஹெடேக்'னு மனப்பாடம் பண்ண வைக்கிறத தவிர வேற வழி தெரியல.

—

இலக்கணப்பூனை:

ஹேவிங் விசயத்தில அந்த ரீச்சர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். தாய்மொழியில பழி போடுறது எல்லாருக்கும் லேசு. பஞ்சாபியில நடந்துகொண்டிருக்கிற வினைக்கு 'ரியா' வரும், 'மைங் ஜா ரியா ஹாங்' எண்டால் போய்க்கொண்டிருக்கிறன். காருக்கு ஆராவது ரியா போடுவினமோ? மேரே கோல் கார் ஹை, முடிஞ்சுது. என்னட்டைக் கார் இருந்துகொண்டிருக்கு எண்டு கொழும்பில ஒரு ஆளாவது சொல்லிக் கேட்டிருக்கிறீங்களோ? அப்ப அது தாய்மொழியில இருந்து வரேல்லை. பள்ளிக்கூடத்தில 'நவ்' எண்டால் ஐஎன்ஜி எண்டு அடிச்சு அடிச்சுப் படிப்பிச்சதில இருந்து வந்தது எண்டுதான் நான் நினைக்கிறன், இப்ப என்னட்டை இருக்கு, அப்ப ஹேவிங். தமிழன் சிங்களவன் பஞ்சாபி எல்லாரும் ஒரே பிழையை விடுறதே அதுக்குச் சாட்சி.

'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனெண்டால் அங்க ஹேவ் எண்டால் சாப்பிடுறது, செய்யிற வேலை. இருக்கிறதுக்கு ஐஎன்ஜி இல்லை, செய்யிறதுக்கு உண்டு. ஹேவ் எ பாத், ஹேவ் எ ரெஸ்ட், ஹேவ் எ சாட் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

—

பிரம்டன்வாசி:

நான் பம்பலப்பிட்டியில பிறந்து வளர்ந்து இப்ப கனடாவில பிரம்டனில, இஞ்ச பக்கத்து வீடு எதிர்வீடு எல்லாம் பஞ்சாபி ஆக்கள்தான், என்ர பிள்ளையளே அரைவாசிப் பஞ்சாபி கதைக்குதுகள். ரெண்டு மூண்டு விசயம் சொல்லோணும்.

ஹன் எண்டது எழுத்தில வாறது. வாயால கதைக்கேக்க 'நே' எண்டுதான் கூடுதலாக் கேப்பீங்கள், 'மேரே தோ ப்ரா நே'. உங்கட லூதியானாப் பெடியன் அப்பிடித்தான் சொல்லுவான். பிறகு அந்த 'ப்ரா', எழுத்தில அது பரா மாதிரி, வேற எழுத்து, வாசிச்சுப் படிச்ச ஹிந்தியோட போனால் பிடிபடாது, அந்தக் கன எழுத்தெல்லாம் பஞ்சாபியில லேசாகி அதுக்குப் பதிலா குரல் கீழ இறங்கும், ராகம் மாதிரி. வீட்டுக்கு ஹிந்தியில கர் எண்டு அழுத்திச் சொல்லுவினம், இவை மெல்லிசாச் சொல்லிக் குரலைப் பதிப்பினம். இந்தப் பக்கத்துப் பெரிய பாஷையளில ராகத்தால பொருள் மாறுறது பஞ்சாபிக்குத்தான் பேர் போனது.

இப்ப முக்கியமானது. ஆரும் இன்னும் சொல்லேல்லை, 'ஐ ஹேட் மை கார் ரிப்பேர்ட்' எண்ட ஹேவ். ஐஎல்ட்ஸ் எழுதிற ஆக்களுக்கு அது நல்ல மார்க்ஸ் எடுத்துக் குடுக்கும். எங்கட பிள்ளையளுக்கு இதை விளங்கப்படுத்தக் கஷ்டம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா யாழ்ப்பாணத் தமிழில அது வடிவா இருக்கு: சட்டை தைச்சன், சட்டை தைப்பிச்சன். தைப்பிச்சன் எண்டால் ரெய்லரிட்டக் குடுத்து. பஞ்சாபியிலயும் வினைக்கு உள்ளயே அது இருக்கு, கர்னா எண்டால் செய்யிறது, கர்வாவுணா எண்டால் செய்விக்கிறது. 'மைங் கார் ட்டீக் கர்வாயி', காரைத் திருத்துவிச்சன். 'வா' கேக்கிற இடத்தில ஹேவ் இல்லாட்டி கெட் எண்டு சொல்லிக்குடுங்கோ, ஒரு வகுப்பில பிடிச்சிடுவினம், ஏனெண்டால் பொருள் அவைக்கு ஏற்கனவே தெரியும், இங்கிலிஷ் பெட்டிதான் தெரியாது.

ஆனா தயவுசெய்து கிரமர் புத்தகத்தில இருக்கிற 'ஐ ஹேட் மை ஹெயார் கட்' உதாரணத்தை அந்தப் பெடியனுக்குக் குடுக்காதேங்கோ. சீக்கியனா இருந்தால், அதுவும் அமிர்தம் எடுத்த, அதாவது தீட்சை எடுத்த குடும்பம் எண்டால், முடி வெட்டமாட்டினம், 1699ல குரு கோபிந்த் சிங், தீட்சை எடுத்த சீக்கியரின்ர கூட்டமான கால்சாவைத் தொடக்கின காலத்தில இருந்து முடியைக் காக்கிறது கட்டாயம். எல்லாரும் இறுக்கமா இருக்கிறதில்லை, இஞ்சயே வெட்டின பெடியள் நிறைய, ஆனா ரீச்சர் வாயில இருந்து வராமல் இருந்தால் நல்லது. கார், ஃபோன், வீட்டுக்குப் பெயின்ற், இதில எத்தினை உதாரணம் வேணும்.

—

மொஸ்கோ_பழசு:

ரஷ்யன் படிச்ச ஆக்களுக்கு இது எல்லாம் புதுசில்லை. 'உ மென்யா மஷீனா', என்னட்டை வாகனம். அங்கயும் ஹேவ் இல்லை, கிட்ட எண்டுதான். எனக்கு மொஸ்கோவில முதல் மாதமே அது ஓடினது தமிழாலதான், என்னோட வந்த இங்கிலிஷ் மீடியம் பெடியள்தான் அதில கிடந்து உழண்டவை. வாணி, உங்கட பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, ஹேவ் இல்லாத பாஷை உலகத்தில நிறைய, விசித்திரமா இருக்கிறது இங்கிலிஷ்தான் எண்டு. பயம் போயிடும்.

—

வாணி_வெள்ளவத்தை:

முடிவெட்டு உதாரணம் நாளைக்குப் போடப்போற ஸ்லைட்டிலயே இருக்கு, இப்பவே தூக்கிறன்!!

ஹேவ் டு? போகோணும் எண்டதுக்கு? அதோட நான் கோல், மேரே, மைனூ மூண்டையும் ஸ்லைட்டில போட ட்ரான்ஸ்லேட்டரில இருந்து பஞ்சாபி எழுத்தைக் கொப்பி பண்ணி வச்சிருக்கிறன், ரெண்டு பேரும் வாசிப்பினம்தானே?

—

ரெண்டாம்குறுக்குத்தெரு:

அஸ்ஸலாமு அலைக்கும், நான் மிச்ச நாளா இதை வாசிச்சிட்டு சும்மா இரிந்த ஆள், இப்ப கட்டாயம் செல்லணும். அந்த ஸ்லைட்ட அப்பிடிப் போட வாணாம். நாங்க துணி யாவாரம், ஃபைசலாபாத் ஆக்களோட நாளும் கதைக்கிற, அதால தெரியும். ட்ரான்ஸ்லேட்டர் தார எழுத்து அனேகமா குர்முகி, அது இந்தியாப் பக்கத்து பஞ்சாபி எழுதுற எழுத்து. லாகூர்ப் பிள்ளைக்கு அது ஒரு எழுத்தும் வெளங்காது, அவங்க பாகிஸ்தான்ல பஞ்சாபிய எழுதினா உருது எழுத்து மாதிரி வலமிருந்து எழுதுற ஷாமுகி, அதுவும் ஸ்கூல்ல உருதுதான் படிச்சிரிப்பாங்க, பஞ்சாபி ஊட்டுல கதைக்கிற பாஷை. பாஷை ஒண்டு, எழுத்து ரெண்டு. மத்த ரெண்டு பேரும் பேசினா நல்லா வெளங்கும், எழுதினா ஒருத்தருக்கொருத்தர் ஊமை. அதால இங்கிலிஷ் எழுத்துலயே பஞ்சாபிய எழுதுங்க, வட்ஸ்அப்ல அவங்களும் அப்பிடித்தான் அடிக்கிற.

லாகூர்ப் பக்கம் ஹை எண்டு அவ்வளவு வராது, 'ஏ' எண்டு செல்லுவாங்க. 'மேரே கோல் கார் ஏ', 'மைனூ புகார் ஏ'. ஸ்லைட்ல ஹை எண்டு போட்டா அந்தப் பிள்ளைக்கு வெளங்கும், ஆனா தன்ட பாஷையா தெரியாது, உருது மாதிரி இரிக்கும். ரெண்டையும் பக்கத்துல போட்டுடுங்க.

லாகூர் எண்டா நம்மளுக்கு 96 கப் எடுத்த ஊரு, அந்தப் பிள்ளைக்கிட்ட அதையும் செல்லுங்க, கடாஃபி ஸ்டேடியம் எண்டா ஐஸ் உடைஞ்சிரும், பொறகு 'வி ஹேவ் வன் தி வேர்ல்ட் கப்'பா 'வி வன்'னா எண்டு கேளுங்க. வருசத்தைச் சென்னா ஹேவ் வராது, 'வி வன் இட் இன் 1996'. வருசம் இல்லாம செல்லும்போது ஹேவ் வரலாம். இந்த வித்தியாசத்துக்கு கிரிக்கெட்ட விட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஹேவ் டுக்கு ரெண்டு இரிக்கி. 'மைங் ஜாணா ஏ' எண்டா போகணும், போற எண்ணம் இரிக்கி. 'மைனூ ஜாணா பவேகா' எண்டா வேற வழி இல்ல, போக வேண்டி வரும். ரெண்டாவதுதான் சரியான ஹேவ் டு. மொதலாவதுக்கு நீட் டு, வான்ட் டு, கோயிங் டு எல்லாம் எடத்தைப் பொறுத்து வரும். லூதியானாப் பெடியன் கனடா போறதப் பத்திக் கதைக்கும்போது 'ஐ ஹேவ் டு கோ டு கனடா' எண்டு சென்னா, கேக்கிற எக்ஸாமினருக்கு இவன யாரோ புடிச்சுத் தள்ளி அனுப்புற மாதிரி இரிக்கும்.